கட்டுரை படிக்கச் செல்வோர் பதிவுக் கட்டணத்தில் செய்யும் தவறுகள்

மாநாட்டுக்கு முதன்முறையாகக் கட்டுரை அனுப்பும் ஆய்வு மாணவர்கள், எங்கள் காலத்தில் நாங்கள் இடறிய இடங்களிலேயே இன்றும் இடறுகிறார்கள். கடைசித் தேதியைத் தவறவிடுவது போன்று எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அழைப்பும் ஏற்பும் ஒன்றென எண்ணுவது

அமைப்பாளர்கள் தாமாக அழைத்த பேச்சாளரிடம் கட்டணம் கேட்பது முறையன்று; கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். நாமே அனுப்பி ஏற்கப்பட்ட கட்டுரையின் நிலை வேறு. பொறியியல், கணினித் துறை மாநாடுகள் பெரும்பாலானவற்றில் ஒரு கட்டுரைக்கு அதை எழுதியவர்களில் ஒருவராவது பணம் கட்டியாக வேண்டும்.

மாணவர் கட்டணம் போதும் என்று நம்புவது

எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர், ஏற்புக் கடிதம் வந்த அன்றே மாணவர் கட்டணத்தைச் செலுத்திவிட்டு நிம்மதியாக இருந்தார். அந்தக் கட்டணம் அரங்கில் அமர்ந்து கேட்பதற்கு மட்டுமே, கட்டுரைக்கு முழுக் கட்டணம் வேண்டும் என்ற விதி, கட்டண அட்டவணையின் அடியில் உடுக்குறியிட்டுச் சிறிய எழுத்தில் இருந்தது. அதை அவர் கண்டபோது கட்டுரையாளர் பதிவுக்கான தேதி முடிந்திருந்தது. நிகழ்ச்சி நிரலிலிருந்து கட்டுரை நீக்கப்பட்டது, கட்டிய பணமும் திரும்பவில்லை.

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய்; அதுவும் கிடைக்காமல் ஆய்வு செய்பவர்கள் ஏராளம். அரங்கு, உணவு, அச்சு ஆகியவற்றுக்குச் செலவு உண்டென்பது உண்மைதான். ஆனால் அரங்கை நிரப்புவதே இவர்களுடைய கட்டுரைகள் என்னும்போது, ஊதியம் வாங்கும் பேராசிரியருக்குரிய தொகையை இவர்களிடமும் கேட்பது அநியாயம். விதி மாறும்வரை, எந்தக் கட்டணம் கட்டுரைக்குச் செல்லும், ஒரே பதிவில் இரண்டு கட்டுரைகளைச் சேர்க்கலாமா, கட்டணச் சலுகை உண்டா என்பவற்றைக் கட்டுரை அனுப்பும் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி.யை மறப்பது

அறிவித்த தொகைக்கு மேல் 18 விழுக்காடு வரக்கூடும்.

பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருப்பது

நேரில் படிக்கப்படாத கட்டுரையைத் தன் மின்நூலகத்தில் சேர்க்காமல் விலக்கும் உரிமை, மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ.க்கு உண்டு.

புள்ளிக்காகப் பணம் கட்டுவது

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஆய்வைப் புள்ளியிட்டு மதிப்பிடும் யுஜிசியின் 2018 விதிகளின்படி, மாநிலக் கருத்தரங்கில் கட்டுரை படித்தால் 2 புள்ளி, தேசியக் கருத்தரங்கானால் 3, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கானால் 5. இவ்வகைப் புள்ளிகள் மொத்த ஆய்வுப் புள்ளியில் 30 விழுக்காட்டுக்கு மேல் கணக்கில் வாரா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டுரை அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதமும் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்து வருமானால், அக்கட்டுரையை எவரும் படித்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

ரசீது

பெயரும் தொகையும் எழுதிய ரசீதை வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.