மனைவிக்கும் அவர் மகளுக்கும் அமெரிக்க விசா: ஐ-130 முதல் கிரீன் கார்டு வரை

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், தமிழ்நாட்டில் இருக்கும் மனைவியையும் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த குழந்தையையும் நிரந்தரமாக அழைத்துவர என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. தொடக்கம் ஐ-130, அதாவது உறவினரை அழைத்துவரப் போடும் மனு. கையில் கிரீன் கார்டு மட்டும் இருப்பவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு; அதைக் கடைசியில் பின்சேர்க்கையில் எழுதியிருக்கிறேன். என் மனைவிக்கு ஊர் திருச்சி. முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்தது, ஒரு மகள். இப்போது இருவரும் இங்கே வந்து, மகள் பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். பாஸ்போர்ட் எடுப்பது, யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) தளத்தில் கணக்கு தொடங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: மனுவுக்கு முன்பே சரிசெய்ய வேண்டிய காகிதங்கள்

முதலில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறதா? நம் ஊரில் இது மிகச் சாதாரணம். பிறந்ததும் பதிவு செய்திருப்பார்கள், பெயர் வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்த்திருக்க மாட்டார்கள். 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமலும், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டியும், பதிவு செய்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்க்கலாம். பெயரில்லாத சான்றிதழோடு மனுப் போட்டால் கேள்வி வரும், மாதங்கள் போகும்.

அடுத்து, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர். நம்மவர்கள் பலர் இனிஷியலோடு வளர்ந்தவர்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தை வெறுமனே விட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது பெயர் தெரியவில்லை) என்று விழும். அப்புறம் சோஷியல் செக்யூரிட்டி, டிரைவிங் லைசென்ஸ் என்று எல்லா இடத்திலும் அந்த எஃப்என்யு உங்களைத் துரத்தும். மனுப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்த்துவிடுங்கள். குழந்தைக்குச் சர்நேமாக வருவது பெற்ற தகப்பன் பெயராகத்தான் இருக்கும். அதை மாற்ற வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போவதுதான் முக்கியம். மனைவியும் கல்யாணமான சூட்டோடு உங்கள் பெயரைச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வந்து சேர்ந்த பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டால் இணைப்பு 'டி', தாய் மட்டும் என்றால் இணைப்பு 'சி'. தாய் மட்டும் போடும்போது நீதிமன்ற உத்தரவின் நகலைக் கையிலேயே வைத்திருங்கள்.

விவாகரத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிய பத்திரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். தீர்ப்பில் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும், தந்தை எப்போது பார்க்கலாம் என்ற பத்தியைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தந்தைக்குப் பார்க்கும் உரிமை தரப்பட்டிருந்தால், வெளிநாட்டுக்குக் குழந்தையை அழைத்துச்செல்ல அவருடைய எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இப்போதே வாங்குங்கள். மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடந்த விசா இன்டர்வியூவில் அதிகாரி மனைவியிடம் தீர்ப்பை வாங்கி, முதல் பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராக அந்தப் பத்திக்குத்தான் போனார்.

கல்யாணப் பதிவு: இருவரும் இந்துக்கள் என்றால் 1955 இந்துத் திருமணச் சட்டப்படி பதிவு, இல்லையென்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். இரண்டாவதில் 30 நாள் அறிவிப்பு உண்டு. அதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்தப் பதிவாளரின் எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்கவும் வேண்டும். லீவு போடும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

படி 2: ஐ-130, இரண்டு தடவை

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அமெரிக்கக் குடிமகனின் மனைவி 'இமீடியட் ரிலேட்டிவ்' (மிக நெருங்கிய உறவினர்) என்ற வகையில் வருகிறார். இந்த வகையில் விசா எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை, வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது: மனைவியின் மனுவில் குழந்தை தொற்றிக்கொண்டு வர முடியாது. குழந்தைக்குத் தனி ஐ-130, தனிக் கட்டணம், தனிக் கேஸ் எண். நாங்கள் முதலில் விசாரித்த ஆலோசகர், "மேடம் பேரில் போட்டால் போதும் சார், பாப்பா ஆட்டோமேட்டிக்கா வந்துடும்" என்று அடித்துச் சொன்னார். எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். மனைவியின் படிவத்தில் அவருடைய குழந்தைகளின் பெயரை எழுதும் இடம் இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கு மூலம். அங்கே பெயர் எழுதுவது தகவலுக்கு மட்டும். குழந்தைக்கு மனுப் போட்டதாக ஆகாது. இதை நம்பி ஒரே மனுவோடு நின்றால், மனைவிக்கு விசா வரும் நாளில் குழந்தை பாட்டி வீட்டில்தான் இருக்கும்.

குழந்தையின் மனுவில் உறவு என்ன என்ற கேள்விக்கு முதலில் 'சைல்ட்'. அடுத்த கேள்வியில் 'ஸ்டெப்சைல்ட்' என்ற கட்டம். சட்டப்படி நீங்கள் குழந்தையின் ஸ்டெப்பேரன்ட் ஆவதற்கு ஒரே நிபந்தனை, குழந்தைக்கு 18 வயது முடியும் முன் உங்கள் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். தத்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 'அடாப்டட்' கட்டத்தை டிக் செய்துவிட்டால் உங்களிடம் இல்லாத தத்தெடுப்பு ஆணையைக் கேட்பார்கள்.

குழந்தையின் மனுவோடு வைக்க வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் (தாய் பெயர் இருக்க வேண்டும்), உங்கள் கல்யாணச் சான்றிதழ், உங்கள் இருவருக்கும் முன்பு நடந்த கல்யாணங்கள் எல்லாம் முடிந்ததற்கான ஆதாரம், உங்கள் குடியுரிமைச் சான்று. ஐ-130ஏ என்ற கூடுதல் தகவல் படிவம் மனைவிக்கு மட்டும்தான், குழந்தைக்குக் கிடையாது. குழந்தையின் மனு முழுக்க உங்கள் கல்யாணத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே கல்யாணம் உண்மையானது என்பதற்கு மனைவியின் மனுவில் வைத்த படங்கள், பணம் அனுப்பிய ரசீதுகள், பயண டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் குழந்தையின் மனுவிலும் மறுபடி ஏற்றிவிடுங்கள். இரண்டையும் ஒரே அதிகாரி பார்ப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குழந்தையும் இருக்கும் படங்கள், நீங்கள் கட்டிய பள்ளிக் கட்டண ரசீது இருந்தால் சேருங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை முழுசாக அச்சிட்டு ஏற்றும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும், "சாப்டாச்சா?" என்று நானூறு பக்கம் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஆன்லைனில் போட்டால் ஒரு மனுவுக்கு 625 டாலர், தபாலில் 675. இவை 2024 ஏப்ரல் 1 முதலான கட்டணம். கட்டும் முன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஆன்லைன் கட்சி. ரசீது எண் உடனே கிடைக்கிறது, இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் போட்டுவிடலாம்.

தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட குறிப்பும் வேண்டும். நோட்டரி தேவையில்லை. நண்பர் ஒருவர் செய்து தந்தாலே போதும், ஏஜென்சிக்குப் பணம் அழ வேண்டாம்.

படி 3: என்விசி

இரண்டு மனுவும் ஒரே நாளில் போட்டிருந்தாலும் ஒரே நாளில் முடிவாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடிந்ததும் நேஷனல் விசா சென்டருக்குப் போகும். மும்பையைக் குறிக்கும் 'பிஎம்பி' என்று தொடங்கும் கேஸ் எண் இரண்டு வரும். வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, என்விசி தளத்தில் உள்ள விசாரணைப் படிவத்தில் இரண்டு எண்களையும் எழுதி, தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாளில் இன்டர்வியூ வேண்டும், இரண்டையும் இணையுங்கள் என்று கேட்பது. கேட்காமல் அவர்களாக இணைப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கும் எல்லாம் இரண்டு: விசா கட்டணம் தலைக்கு 325 டாலர், இரண்டு டிஎஸ்-260 (ஆன்லைன் விசா விண்ணப்பம்), இரண்டு ஐ-864 (வருபவரை நான் ஆதரிப்பேன் என்ற ஸ்பான்சரின் உறுதிமொழிப் படிவம்). ஐ-864இல் குடும்ப எண்ணிக்கையைப் பார்த்து எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கு, மனைவியின் படிவத்தில்: ஸ்பான்சர் செய்யப்படுபவர் 1, நான் 1, மனைவி 0 (ஏற்கெனவே எண்ணியாயிற்று), குழந்தை 1. மகளின் படிவத்தில்: ஸ்பான்சர் செய்யப்படுபவர் 1, நான் 1, மனைவி 1, குழந்தை 0. இரண்டிலும் மொத்தம் 3 வர வேண்டும். ஒரே ஆளை இரண்டு கட்டத்தில் எண்ணி 4 என்று போட்டால் தேவைப்படும் வருமானம் கூடிவிடும். 2025 கணக்குப்படி மூன்று பேருக்கு வறுமைக்கோட்டின் 125 சதவீதம் 33,312 டாலர் (அலாஸ்கா, ஹவாய் தவிர). வருமான ஆதாரத்துக்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் இறக்கும் டாக்ஸ் டிரான்ஸ்கிரிப்ட் (வரிக் கணக்கின் சுருக்கம்) போதும். ரிட்டர்ன் முழுசையும் ஸ்கேன் செய்யும் வேலை மிச்சம்.

போலீஸ் சான்றிதழ் 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு மட்டும். மனைவிக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி. 16 வயதுக்குப் பிறகு சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தவர் என்றால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். அதை முதலில் தொடங்குங்கள்.

ஸ்கேனுக்கு, ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் பெரிய கோப்பாக வரும், வளைந்தும் இருக்கும். போனில் உள்ள ஸ்கேன் ஆப், பகல் வெளிச்சம், வெள்ளைத் துணி விரித்த மேசை போதும். ஒரு ஆவணம் ஒரே பிடிஎஃப், முன்னும் பின்னும் சேர்த்து. கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பை ஏற்ற வேண்டாம், வங்கி அறிக்கைகளில் கவனம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போதே 'அம்மா', 'மகள்' என்று இரண்டு ஃபோல்டர்.

படி 4: மெடிக்கலும் மும்பையும்

மெடிக்கல் சென்னையிலேயே முடிக்கலாம், தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் போட்ட ஊசியையே திரும்பப் போடுவார்கள். 2 முதல் 14 வயது வரை காசநோய்க்கு 'இக்ரா' என்ற ரத்தப் பரிசோதனை. பாசிட்டிவ் வந்தால் நோய் என்று அர்த்தமில்லை, அடுத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆனால் நாள் பிடிக்கும். ஆகவே இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னால் போய் நிற்காதீர்கள்.

இன்டர்வியூ மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். அதற்கு முன் விசா மையத்தில் கைரேகை. மனுப் போட்டவர் கூட இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அசல் ஆவணங்கள் இரண்டு ஃபைலிலும் தனித்தனியாக இருக்கட்டும்.

படி 5: விசா வந்த பிறகு

யுஎஸ்சிஐஎஸ் இமிகிரன்ட் கட்டணம் தலைக்கு 235 டாலர், பயணத்துக்கு முன் கட்டிவிடுவது நல்லது.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகும் முன் உள்ளே வந்தால் இருவருக்கும் இரண்டு வருடத்துக்கான கிரீன் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், அந்த இரண்டு வருட நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும். தாய் வந்த அன்றோ அதிலிருந்து 90 நாட்களுக்குள்ளோ குழந்தையும் வந்திருந்தால் ஒரே ஐ-751இல் சேர்த்துவிடலாம். பள்ளிப் பரீட்சை முடியட்டும் என்று குழந்தையைப் பின்னால் கூட்டிவர நினைப்பவர்கள் இந்த 90 நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமை பற்றியும் நிறையப் பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். நான் குடிமகன் என்பதால் மகள் தானாகக் குடிமகள் ஆவதில்லை. பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை தரும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் பெற்ற பிள்ளைக்கும் முறைப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும்தான். மனைவி மூன்று வருடத்துக்குப் பின் குடியுரிமை வாங்கும்போது, மகளுக்கு 18 ஆகாமல், கிரீன் கார்டோடு அவருடைய பொறுப்பில் கூடவே இருந்தால், அன்றே மகளுக்கும் வந்துவிடும். எங்கள் கணக்கு அதுதான்.

பின்சேர்க்கை 1: மகனுக்கு 17 முடியப்போகிறது, மனு தாமதமானால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். 18க்கு முன் நடக்க வேண்டியது கல்யாணம், மனு அல்ல. மனு 21 வயதுக்கு முன் போய்ச் சேர்ந்தால் போதும். குடிமகன் போட்ட மனுவில் அன்றைய வயதிலேயே பிள்ளையின் வயது நின்றுவிடும். நடுவில் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: கிரீன் கார்டு வைத்திருப்பவர் போட்டால் அது எஃப்2ஏ வகை. அதில் மனைவியின் ஒரே மனுவில் குழந்தையும் வரலாம், ஆனால் வரிசை உண்டு. சிக்கல் எங்கே என்றால், காத்திருக்கும்போது நீங்கள் குடியுரிமை வாங்கினால் மனைவி வரிசையிலிருந்து விடுபட்டு முன்னே போய்விடுவார், அவரோடு ஒட்டியிருந்த குழந்தை அந்த மனுவிலிருந்து கழன்றுவிடும். இப்படி நடந்த ஒருவர் தகவல் அனுப்பியதால்தான் இதைச் சேர்த்தேன். குடியுரிமைப் பிரமாணம் எடுக்கும் தேதி தெரிந்ததுமே குழந்தையின் ஐ-130ஐத் தயாராக வைத்திருந்து, பிரமாணம் எடுத்த வாரமே போட்டுவிடுங்கள்.