உண்டியல் காசு யாருக்கு? புளியங்கொட்டை போட்டுப் பாருங்கள்
பள்ளியில் பிள்ளைகள் சேர்த்த சில்லறையை எதற்குக் கொடுப்பது என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளி, முதியோர் இல்லம், தாமிரபரணி படித்துறைத் துப்புரவு என்று பெயர் ஒட்டிய டப்பாக்களில் மறைவாகப் போடட்டும். விழுந்த கொட்டைக் கணக்கில் பணத்தைப் பிரியுங்கள்.

கை தூக்கும்போது பல பேர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். கொட்டை போடும் முறையில் கூச்சப்படுகிற பிள்ளையின் விருப்பமும் கணக்கில் வரும். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ரொம்பப் பிடித்ததற்கு இரண்டு, இன்னொன்றுக்கு ஒன்று என்றும் போடலாம்.

தொகை சின்னதென்றால் பிரிக்காமல் அதிகக் கொட்டை விழுந்ததற்கே கொடுத்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்றுக்கென்று சொல்லி வசூலித்த காசுக்கு இந்த முறை கூடாது. அது அதற்கே போக வேண்டும்.