விருப்பப் பட்டியலில் 'கட்டாயம் கிடைப்பதை' மேலே போடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வீடே பேசும். பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை மட்டும் கடைசி நாள் ராத்திரி அவசரமாக நிரப்புவார்கள். ஆண்டுதோறும் அதே தவறுகள். விண்ணப்பத்தில் எழுத்துப் பிழை, போட்டோ அளவு போன்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம், அவற்றை விட்டுவிடுவோம்.

வரிசையைத் தலைகீழாகப் போடுவது

நல்ல ரேங்க் வைத்திருக்கும் பிள்ளைகள்கூட இதில்தான் சீட்டை இழக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கணிதம் 88, இயற்பியல் 84, வேதியியல் 82. கணிதம் முழுசாக, மற்ற இரண்டும் பாதி பாதி: 88 + 42 + 41, ரேங்க்கை முடிவு செய்யும் கட் ஆஃப் மதிப்பெண் 171. அவளுக்குப் பிடித்தது கோவையில் ஒரு கல்லூரியின் ஈசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்). "அதெல்லாம் கிடைக்காது, கிடைக்கிறதை முதல்ல போடு" என்று வீட்டில் சொல்ல, ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியின் டிரிபிள்இ (மின், மின்னணுப் பொறியியல்) 1-வது இடத்துக்கும், கோவை ஈசிஇ 14-வது இடத்துக்கும் போகின்றன.

ரேங்க் வரிசைப்படி அவள் முறை வந்ததும் கணினி அவள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். சீட் இருக்கிற முதல் வரியிலேயே நின்றுவிடும். 1-வது வரியில் சீட் இருக்கிறது, வேலை முடிந்தது. 14-வது வரியை அது தொடுவதே இல்லை. அன்றைக்கு அந்த ஈசிஇ சீட்டும் காலியாகத்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த ரேங்க்காரர் ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒரு தவறான நம்பிக்கை: ஒரு கல்லூரியைக் கீழே போட்டால் அங்கே நம் வாய்ப்பு குறையும் என்பது. குறையாது. 60-வது வரியில் எழுதினாலும் அந்தக் கல்லூரிக்கு உங்கள் ரேங்க் அதேதான். அதை 1-வது விருப்பமாகப் போட்டவர் ரேங்க்கில் உங்களுக்குப் பின்னால் இருந்தால், அவரால் உங்களை முந்த முடியாது. கிடைக்காத இடங்களை மேலே எழுதுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. கணினி அவற்றைத் தாண்டி வந்துவிடும்.

சரியான வரிசைக்கு ஒரு வழி: ஒரு துண்டுச் சீட்டில் ஒரு விருப்பம் என்று எழுதுங்கள். கல்லூரியின் கோடு எண், பாடப்பிரிவு, கட்டணம், வீட்டிலிருந்து தூரம். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, இரண்டிரண்டாக எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இரண்டும் கிடைத்தால் எதில் சேருவாய்? பதிலாக வருவது மேலே போகட்டும். கட் ஆஃப் பேச்சை இந்த நேரத்தில் எடுக்கவே வேண்டாம். வரிசை அமைந்த பிறகு, உங்கள் ரேங்க்குக்கு நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுகிற பத்துப் பதினைந்து இடங்களாவது அடியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. நடுத்தர ரேங்க்குக்கு 60, 80 வரிகள் சாதாரணம்.

சேரவே மனமில்லாத இடத்தை மட்டும் எந்த வரியிலும் எழுத வேண்டாம். ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கி நகர்வதைத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ளது கிடைத்தவுடன் பழைய சீட் தானாகவே ரத்தாகிவிடும். 'சும்மா போட்டு வைப்போம்' என்று மேலே எழுதியது, கையில் இருந்த நல்ல சீட்டை அப்படித்தான் பிடுங்கிக்கொள்ளும்.

போன வருஷத்துக் கட் ஆஃப்பை நம்புவது

வினாத்தாள் எளிதாக இருந்த வருஷம் கட் ஆஃப் ஏறும், கடினமாக இருந்தால் இறங்கும். அதனால் கட் ஆஃப்பை விட்டுவிட்டு ரேங்க்கோடு ரேங்க்கை ஒப்பிடுங்கள். அதுவும் போன வருஷம் அந்த இடம் கிடைத்த உங்கள் சமூகப் பிரிவின் கடைசி ரேங்க்கோடு. பொதுப் பிரிவுக்கு 31 சதவீதம்தான், மீதி 69 சதவீதம் இட ஒதுக்கீடு. பொதுப் பிரிவின் கடைசி ரேங்க்கை மட்டும் பார்த்துவிட்டு நல்ல கல்லூரிகளை அடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பாடப்பிரிவின் பெயரில் மயங்குவது

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்று பெயர்கள் நீளும். மூன்றின் பாடத்திட்டத்தையும் இறக்கி, 3-வது செமஸ்டரிலிருந்து 6-வது வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வருஷம் பெரும்பாலும் ஒன்றுதான். எங்கே பிரிகிறது, பிரிகிற பாடத்தை நடத்த அந்தத் துறையில் ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தன்னாட்சிக் கல்லூரிக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு. அதை அந்தக் கல்லூரியின் தளத்திலேயே எடுக்க வேண்டும்.

கலை அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. புதுப் பெயர் வைத்த பட்டம் அரசு வேலைக்கு மூலப் பாடத்துக்கு இணையானதா என்பதற்கு அரசாணை இருக்கிறதா என்று சேருமுன்பே கேளுங்கள். ஆசிரியர் பணியை நினைப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஒரே பிரிவு, இரண்டு கோடு எண்

அரசு உதவி பெறும் கல்லூரிகள் சிலவற்றில் ஒரே பாடப்பிரிவு உதவி பெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் தனித்தனியாக இருக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம். கோடு எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

கல்விக் கட்டணத்தோடு கணக்கை முடிப்பது

விடுதி, பஸ். நான்கு வருஷத்துக்குப் பெருக்குங்கள்.

அசல் சான்றிதழை முன்கூட்டியே கொடுப்பது

கலந்தாய்வு முடியும் முன் எந்தத் தனியார் கல்லூரியிலும் டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் விட்டுவராதீர்கள். அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது. ஆனால் விதியைக் காட்டித் திரும்ப வாங்குவதற்குள் கலந்தாய்வுச் சுற்று முடிந்துபோகும்.

கடவுச்சொல்லை ஏஜென்ட்டிடம் தருவது

அவர் ஆள் சேர்க்கும் கல்லூரிதான் முதல் வரியில் ஏறும். ஓடிபியையும் சொல்லாதீர்கள்.