மெல்லிய பாலிஸ்டைரீன் படலத்தின் கண்ணாடி மாறுநிலையை அளக்கும் முறை

தடித்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் கண்ணாடி போன்ற விறைப்பை இழந்து இளகத் தொடங்குகிறது. அதையே சிலிக்கான் தகட்டின் மீது சுமார் 40 நானோமீட்டரை விட மெல்லிய படலமாகப் பூசினால் அந்த மாறுநிலை வெப்பநிலை கீழிறங்குவதை 1994இல் கெடி, ஜோன்ஸ், கோரி ஆகியோர், பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு படலத்தின் தடிமனை அறியும் எலிப்சோமீட்டரால் அளந்து காட்டினர். அந்த அளவீட்டை ஆய்வகத்தில் செய்து பார்க்கும் வழி இது.

முதலில் பாலிஸ்டைரீனை டொலுவீனில் கரைத்து, நுண்துளை வடிகட்டியில் வடித்து, ஸ்பின் கோட்டரில் சுழலும் தகட்டின் மீது ஊற்ற வேண்டும். தடிமனை மாற்றக் கரைசலின் செறிவை மாற்றுவதே நல்லது. சுழற்சி வேகத்தை நான்கு மடங்காக்கினாலும் தடிமன் ஏறத்தாழப் பாதியாகவே குறையும்.

அடுத்து, படலத்தை வெற்றிட அடுப்பில் 100 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைக்க வேண்டும். எஞ்சிய டொலுவீன் படலத்தை இளக்கி மாறுநிலையைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதால், அவசரக்காரர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான். மிக மெல்லிய படலம் சூட்டில் தகட்டை விட்டு விலகி வட்டத் துளைகளாகக் கிழியக்கூடும். நுண்ணோக்கியில் துளை தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

பிறகு 130 டிகிரியிலிருந்து நிமிடத்திற்கு ஓரிரு டிகிரி வீதம் குளிர்வித்தபடியே தடிமனைப் பதிவு செய்ய வேண்டும். சூடேற்றும்போது அளந்தால் படலத்தின் முந்தைய வெப்ப வரலாறும் முடிவில் கலந்துவிடும். 40 நானோமீட்டர் படலம் இளகிய நிலையில் 10 டிகிரிக்குச் சுமார் 0.24 நானோமீட்டரும், கண்ணாடி நிலையில் சுமார் 0.08 நானோமீட்டரும் சுருங்கும். இவ்வளவு நுண்ணிய மாற்றத்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் மேடை அசையவே கூடாது. தடிமனை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து, இளகிய நிலை, கண்ணாடி நிலை ஆகிய இரு பகுதிகளுக்கும் நேர்கோடுகள் பொருத்தினால் அவை வெட்டும் புள்ளியே மாறுநிலை. படலம் மெலிய மெலிய இரு பகுதிகளும் சந்திக்கும் வளைவு மழுங்குவதால், வளைவுக்கு வெகு தொலைவில் உள்ள புள்ளிகளை மட்டுமே கோடு பொருத்த எடுக்க வேண்டும்.

இறுதியாக முடிவுகளைத் தடிமனுக்கு எதிராக வரைக. 3.2 நானோமீட்டரைத் தடிமனால் வகுத்து, விடையை 1.8 அடுக்குக்கு உயர்த்தி, கெல்வினில் உள்ள தடித்த பொருளின் மாறுநிலையால் பெருக்கினால் எத்தனை டிகிரி இறங்கும் என்பது கிடைக்கும் என்பதே அம்மூவரின் சூத்திரம். இதன்படி 100 நானோமீட்டரில் இறக்கம் ஒரு டிகிரிக்கும் குறைவு. 40இல் சுமார் 4. 20இல் சுமார் 14. காற்றைத் தொடும் மேற்பரப்பில் பாலிஸ்டைரீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் எளிதாக அசைவதே இதற்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. தாங்கு தகடின்றி இருபுறமும் காற்றைத் தொடும் படலங்களில் இறக்கம் இன்னும் பெரிது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற வேறொரு பிளாஸ்டிக்கைச் சிலிக்கானின் ஆக்சைடு மேற்பரப்பில் பூசினாலோ, ஹைட்ரஜன் பிணைப்புகள் சங்கிலிகளை இறுக்கிப் பிடிப்பதால் மாறுநிலை சற்றே உயர்கிறது. அதையே தங்கத்தின் மீது பூசினால் இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு அளவீட்டின் அருகிலும் தடிமனோடு தகட்டின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும்.