பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடிபட்ட அலோய் றிம்: நாம் விடுகிற பிழைகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க, நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஸ்போர்ட்ஸ் கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. ஆகவே இன்றைக்கு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8 அல்லது ஹொண்டா சிஆர்-இசட் விற்பனைக்கு வந்தால், அது பல பேர் கையில் ஓடின கார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் லீசிங் கணக்கையும் துருவித் துருவிப் பார்க்கிற நம்மவர்கள், றிம்முக்கு, அதாவது டயர் ஏறுகிற அலுமினியக் கலவைச் சில்லுக்கு, வரும்போது கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழும்பிவிடுகிறார்கள். கீறல் பெயின்டோடு முடிகிற விசயம். நெளிவு காரின் ஓட்டத்தைக் கெடுக்கும். வெடிப்பு ஆளைக் கொல்லக்கூடும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதிலிருந்துதான் மற்றப் பிழைகள் எல்லாம் பிறக்கின்றன.

ஸ்போர்ட்ஸ் காரில் றிம் அடிபடுவது கூடுதலாக இருப்பதற்குக் காரணம் டயரின் உயரம். டயரில் உள்ள முதல் எண் அகலம் மி.மீ. இல், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், கடைசி எண் றிம்மின் அங்குலம். சாதாரணக் குடும்பக் கார்களில் வரும் 195/65 ஆர் 15 டயருக்கு, றிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் இடையில் சுமார் 127 மி.மீ. உயரம் இருக்கிறது. ஆர்எக்ஸ்-8 இல் வரும் 225/45 ஆர் 18 இல் அது 101 மி.மீ. தான். முந்தின சொந்தக்காரர் அழகுக்காக 19 அங்குல றிம்மும் அதே அகலத்தில் 35 சீரிஸ் டயரும் போட்டிருந்தால் 80 மி.மீ. கூட மிஞ்சாது. குழியில் விழுந்த டயர் முழுதாக நசிந்ததும், மிச்ச அடியை றிம்மின் விளிம்பு நேராக வாங்கிக்கொள்கிறது.

ஏ4 காபெட் வீதியில் ஓடிப் பழகின வேகத்தோடு கிளை வீதிக்குள் திரும்பும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துக் கிரவல் பாதையில், மாரி மழை ஓய்ந்த கையோடு, தண்ணீர் நிரம்பிய குழியின் ஆழத்தை யாராலும் மதிப்பிட முடியாது. நாம் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். உடைந்த வீதியோரமும் நடைபாதைக் கல்லும் இடப்பக்கச் சில்லுகளுக்குத்தான் கிட்ட இருக்கின்றன. கார் பார்க்கப் போனால் இடது முன்சில்லிலிருந்து தொடங்குங்கள்.

முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது

விற்பவர் றிம்மின் முன்பக்கத்தைப் பொலிஷ் பண்ணி வைத்திருப்பார். அதில் குற்றமில்லை, காரை விற்பவர் எவரும் கழுவித்தான் விற்பார். ஆனால் குழியில் பட்ட அடி பெரும்பாலும் உட்பக்க விளிம்பைத்தான் நெளிக்கும். வெளிப்பக்கத்தை ஆரைகள் தாங்குகின்றன, உட்பக்கத்துக்கு அப்படி ஒரு தாங்கல் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பிவிட்டு, டோர்ச் அடித்து, முன்சில்லுகளின் உட்பக்கத்தைப் பாருங்கள். மூன்று றிம்களின் உட்பக்கம் பிரேக் தூசியால் கறுத்திருக்க, ஒன்று மட்டும் புதுச் சில்வர் பெயின்டில் மின்னினால், அங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள். கிரைண்டர் பட்ட தடம், வெல்டிங் தடிப்பு, ஒரே இடத்தில் வரிசையாக ஒட்டிய பலன்ஸ் ஈயம் எல்லாம் அதே செய்தியைத்தான் சொல்லும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு "ஆட்டம் ஒண்டுமில்ல" என்று முடிவெடுப்பதும் பிழை. நெளிந்த றிம்மின் நடுக்கம் பெரும்பாலும் 80 கிலோமீட்டருக்கு மேலேதான் ஸ்டியரிங்கில் தெரிய வரும். காத்தான்குடி, ஆரையம்பதி சன நெரிசலுக்குள் 40 இல் ஓட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதைக் காண்பதற்காக வீதியில் வேகம் பிடிக்கவும் கூடாது. காரை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஒரு பேனையையோ கம்பியையோ அசையாமல் றிம்மின் விளிம்புக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு சில்லைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். உள்ளே வெளியே ஆடுகிறதா, மேலே கீழே ஏறி இறங்குகிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஆட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் காட்டும் டயல் கேஜ் உள்ள இடத்தில் அளந்தால் இன்னும் நல்லது. கார்க் கம்பனிகள் அனுமதிக்கிற ஆட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும்.

வெடிப்புக்கு வேறு சோதனை. மயிரிழை போல இருப்பதால் அழுக்குக்குள் ஒளிந்துவிடும். உட்பக்க விளிம்பிலிருந்து குறுக்கே ஓடும், அல்லது ஆரையின் பின்பக்க அடியில் தொடங்கும். சந்தேகம் வந்தால், எஞ்சின் ஹெட்டில் வெடிப்புப் பார்க்கிற எஞ்சினியரிங் வேர்க்ஷொப்பில் சிவப்புச் சாயச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அந்த இடத்தைப் பெயின்ட் நீக்கித் துப்புரவாக்கி, சாயம் அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பி வரும். பெயின்ட் நீக்காமல் செய்யும் சோதனையை நம்ப வேண்டாம்.

காற்றுக் குறைந்தால் ட்யூப் போடுவது

எனக்கு மிகவும் பயம் தருகிற பிழை இதுதான். அலோய் றிம் மெல்லமாய்க் காற்றை விடுகிறது. டயர்க் கடையில் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கிறார்கள், ஆணி ஒன்றும் இல்லை. "உள்ளுக்கு ஒரு ட்யூப் போட்டா சரி தம்பி" என்கிறார் கடைக்காரர். காற்று நிற்கிறது, எல்லோருக்கும் சந்தோசம்.

அந்தக் காற்று எங்கே கசிந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெடிப்பால் கசிந்திருந்தால், ட்யூப் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டது. வெடிப்பு உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும், இனிக் காற்றுக் குறைந்து சொல்லிக் காட்டவும் வழியில்லை. அதோடு ட்யூப்லெஸ் டயரின் உட்புறம் ட்யூப்புக்கென்று செய்யப்பட்டதல்ல. குறைந்த உயர டயருக்குள் ட்யூப் உரசிச் சூடாகும். ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லத்தான் போகும். ட்யூப் கிழிந்தாலோ ஒரேயடியாகப் போய்விடும்.

கசிவு எல்லாமே வெடிப்பு என்றும் பயப்பட வேண்டாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு உப்புக் காற்றால் வரும் கசிவு சாதாரணம். டயர் பொருந்துகிற இருப்பில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, பெயின்டைத் தூக்கிவிட, அந்த இடுக்கால் காற்றுப் போகும். டயரைக் கழற்றி, பூத்ததைச் சுரண்டி, பீட் சீலர் என்கிற அடைப்புப் பசையைப் பூசிப் போட்டால் அது நிற்கும். வால்வின் றப்பர் பழுதாகிக் கசிவதும் உண்டு. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். டயரும் றிம்மும் சேருகிற கோட்டில் வந்தால் பூப்பாக இருக்கலாம், நெளிவாகவும் இருக்கலாம். றிம்மின் உலோகத்திலேயே குமிழி எழும்பினால் அந்த றிம்மில் இனி ஓடக்கூடாது.

நடுக்கத்துக்கு மேலும் மேலும் ஈயம் ஒட்டுவதும் இதன் உறவுதான். பலன்ஸ் பண்ணுவது பாரத்தைச் சமப்படுத்தும், வட்டத்தைத் திருத்தாது. ஒரு றிம் மட்டும் வழமைக்கு மாறாக ஈயம் கேட்டால் அதை மெசினில் சுழலவிட்டு விளிம்பைப் பாருங்கள்.

நெருப்பு, சுத்தியல், வெல்டிங்

இரும்பு றிம்மைச் சூடாக்கி அடித்து எடுத்த பழக்கத்தில் அலோயையும் அப்படியே செய்கிறார்கள். இரண்டும் ஒரே உலோகம் அல்ல. கம்பனி அலோய் றிம்களில் பெரும்பாலானவை அலுமினியத்தோடு ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கனும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்து வார்க்கப்பட்டவை. வார்த்தபின் சுமார் 540 பாகை செல்சியசில் பல மணி நேரம் வைத்து, சட்டென்று குளிரவிட்டு, மறுபடி 150 பாகைக்குச் சற்று மேலே மணிக்கணக்கில் வைத்து எடுக்கிறார்கள். டி6 என்று சொல்வது இந்தப் பதப்படுத்தலைத்தான். றிம்மின் பலம் இதில்தான் இருக்கிறது. காஸ் டோர்ச்சைப் பிடித்த சில நிமிடத்தில் அந்த இடத்தின் பதம் போய்விடும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் உருகும் வரைக்கும் நிறம் மாறாது, அதனால் எவ்வளவு சூடு ஏறிவிட்டது என்று பிடிக்கிறவருக்கே தெரியாது. பவுடர் கோட்டிங் அடுப்பிலும் ஏறக்குறைய 180 முதல் 200 பாகை வரை சூடேற்றுவார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், அதே றிம்மைத் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

உட்பக்க விளிம்பில் சிறிய நெளிவு மட்டும் இருந்தால், ஹைட்ரோலிக் அழுத்தத்தால் மெல்ல மெல்லத் தள்ளி, டயல் கேஜ் வைத்து அளந்து எடுக்கிறவரிடம் கொடுக்கலாம். எடுத்தபின் சாயச் சோதனை கட்டாயம். வார்த்த உலோகம் வளைவதைவிட வெடிக்கவே விரும்பும். ஒருமுறை நெளிந்து மறுபடி நிமிர்ந்த இடம் அதில் பலவீனமான இடம்.

வெல்டிங் விசயத்தில் என் முடிவு கறாரானது. ஆரையிலோ, நட் துளையைச் சுற்றியோ, ஹப் (சில்லைப் பூட்டுகிற அச்சு முனை) உட்காரும் நடுப்பகுதியிலோ வெடித்த றிம்மை எந்தத் திறமான பாஸ் ஒட்டித் தந்தாலும் போடாதீர்கள். ஒட்டு நன்றாகவே இருக்கலாம், அதன் இரு கரையிலும் சூடு பட்ட உலோகம் பதம் இழந்திருக்கும். அடுத்த வெடிப்பு ஒட்டில் வராது, அதன் பக்கத்தில் வரும். றிம் ஒன்று சந்தைக்கு வரமுன் வளைவு, உருளல், மோதல் என்று சோதிக்கப்படுகிறது. ஒட்டின றிம்மைச் சோதிக்கிற இடம் வீதிதான். உள்விளிம்பின் ஓரத்து வெடிப்பை டிக் வெல்டிங்கில் ஒட்டித் தருவார்கள். நான் அதையும் போடமாட்டேன். பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

துளை பொருந்தினால் போதும் என்று நினைப்பது

ஒரு றிம் கழிந்துபோனால் அதே மாதிரி ஒன்றைத் தேடிக் கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு ஓடுகிறோம், அல்லது படம் பார்த்துக் கூரியரில் எடுக்கிறோம். ஐந்து துளை, 18 அங்குலம், போதும் என்று நினைப்பதுதான் பிழை. ஆர்எக்ஸ்-8 க்குத் துளை வட்டம் 5 × 114.3, அதாவது ஐந்து நட் துளைகளும் 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். டொயோட்டா 86 க்கு 5 × 100. 5 × 112 றிம்மை 114.3 ஹப்பில் இழுத்து இறுக்கினால் ஏறும், ஆனால் நட் சரியாக உட்காராது, ஸ்டட்கள் வளைந்தபடியே ஓடும்.

துளை ஒன்றாக இருந்தாலும் நடுத்துளை வேறுபடும். மஸ்டாவுக்கு 67.1 மி.மீ., நிசானுக்கு 66.1, ஹொண்டாவுக்கு 64.1. ஹொண்டா றிம் ஆர்எக்ஸ்-8 இன் ஹப்பில் உட்காரவே உட்காராது. மறுவளமாக மஸ்டா றிம்மை ஹொண்டாவுக்குப் போட்டால் இடைவெளி விழும், அதற்கு ஹப் ரிங் வேண்டும். ஓஃப்செட் என்பது றிம்மின் அகல நடுக்கோட்டிலிருந்து ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு, அந்த எண் றிம்மின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். பத்து மில்லிமீட்டர் மாறினாலே டயர் மட்காட்டிலோ சஸ்பென்சனிலோ உரசக்கூடும். பிரேக் கலிப்பருக்கு இடம் போதுமா என்பதையும் போட்டுச் சுற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நட்டையும் மறந்துவிடாதீர்கள். ஹொண்டாவின் சொந்த றிம்முக்கு உருண்டை அடி நட், வெளிக் கம்பனி றிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு அடி நட், டொயோட்டாவின் பல றிம்களுக்கு வொஷரோடு தட்டை அடி நட். மாற்றிப் போட்டால் இறுகினது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். நிசான், சுபாரு நட்டில் மரைக்கு மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மி.மீ. டொயோட்டா, ஹொண்டா, மஸ்டாவுக்குப் பெரும்பாலும் 1.5, ஆனால் சுபாருவோடு சேர்ந்து செய்த டொயோட்டா 86 க்கு 1.25 தான்.

றிம்மின் பின்பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற முத்திரைகளைத் தேடுங்கள். முதலாவது ஜப்பானின் அலோய் றிம் தரக் குறி, இரண்டாவது வெளியாரின் சோதனையில் தேறினதற்கான குறி. அச்சாக அதே டிசைனில் மலிவாக வரும் போலிகளில் இவை இல்லாமலும் இருக்கும், சும்மா பொறித்தும் இருக்கும். ஆதலால் முத்திரையை மட்டும் நம்பாமல் அளவு எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

புதுப் பெயின்ட் அடித்த றிம் என்றால் நட் உட்காரும் இடத்திலும் ஹப்போடு ஒட்டும் முகத்திலும் பெயின்ட் இருக்கக் கூடாது. அந்தப் பெயின்ட் நசிய நட் தளரும். எயார் கன்னால் அடித்துவிட்டு அனுப்ப விடாமல் டோர்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். ஜப்பான் கார்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 110 நியூட்டன் மீட்டர், உங்கள் காரின் கையேட்டில் சரியான எண் இருக்கும். 50, 100 கிலோமீட்டர் ஓடினபின் மறுபடி ஒருமுறை பாருங்கள். றிம்மை நெளித்த அடி டயரையும் விட்டிருக்காது. பக்கச் சுவரில் கொழுக்கட்டை போல வீங்கியிருந்தால் உள்நூல் அறுந்துவிட்டது, அந்த டயர் முடிந்தது. வீல் அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய வெடித்த றிம்மை "பெயின்ட் மட்டும் அடிச்சா நல்லம்" என்று யாருக்கும் விற்காதீர்கள், கராஜ் மூலையிலும் விட்டுவைக்காதீர்கள். பஞ்சிகாவத்தைக்குப் போய், பெயின்ட் பூசிக்கொண்டு, இன்னொரு பொடியனின் காருக்கு அது திரும்பி வரும். கட்டரால் விளிம்பைக் குறுக்கே வெட்டிவிட்டு, பழைய இரும்பு எடுக்கிறவரிடம் அலுமினியக் கணக்கில் நிறுத்துக் கொடுங்கள்.