2005-இன் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்': ரசித்துப் பார்க்க

ஜேன் ஆஸ்டின் நாவலைத் தழுவிய இந்தப் படத்தை முதல் முறை எந்தத் துணுக்கும் படிக்காமல் பாருங்கள். முன்பே படித்துவிட்டால் கண் கதையை விட்டுவிட்டுத் தகவலைத் தேடத் தொடங்கிவிடும்.

இரண்டாம் முறை கைகளைக் கவனியுங்கள். நாயகி எலிசபெத்தை வண்டியில் ஏற்றிவிட்டு நாயகன் டார்சி நடக்கும்போது அவர் விரல்கள் ஒரு கணம் விரிந்து மடங்கும். வசனமே இல்லை, ஆனாலும் படத்தின் காதல் அங்கேதான் மூச்சுவிடத் தொடங்குகிறது.

அடுத்து நெதர்ஃபீல்டு மாளிகை நடன விருந்து. கேமரா வெட்டில்லாமல் அறை அறையாக நகரும் அந்த நீண்ட ஷாட்டை மூன்று தடவை போடுங்கள்: முக்கிய நடிகர்களுக்காக, பின்னணியில் நிற்பவர்களுக்காக, கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒலிக்காக மட்டும்.

நாவல் வெளியான 1813-இன் உடைகளைத் தேடினால் ஏமாறுவீர்கள். இயக்குநர் ஜோ ரைட் கதையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு நகர்த்தினார். மார்புக்குக் கீழேயே இடுப்பு தொடங்கும் கவுன்கள் அவருக்குப் பிடிக்காததும் ஒரு காரணம்.

டார்சியின் மாளிகையான பெம்பர்லியில் காட்டப்படும் சிற்பக்கூடம், நிஜத்தில் இங்கிலாந்தில் டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் உள்ளது. மழையில் டார்சி காதலைச் சொல்லும் இடம் ஸ்டூர்ஹெட் தோட்டத்து அப்போலோ கோயில்.

டிஸ்க் வாங்குமுன் பதிப்பைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பில் இறுதியில் கூடுதலாக ஒரு முத்தக் காட்சி உண்டு. திரையரங்கில் வந்த பிரிட்டன் பதிப்பு எலிசபெத்தின் தந்தை திருமணத்துக்குத் தரும் சம்மதத்தோடு முடியும். எனக்கு அதுதான் நிறைவு.