ஸ்டார்ட்அப் வழக்கறிஞர் வேலையில் ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டம் நன்றாகத் தெரிந்த ஜூனியர்கள்கூட இந்த வேலையில் முதல் வருடம் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் கணக்குதான் காரணம். டேர்ம் ஷீட்டை, அதாவது முதலீட்டின் முக்கிய நிபந்தனைகள் எழுதிய தாளை, வரி வரியாகப் படிப்பார்கள், ஆனால் எக்ஸெல்லைத் திறந்து ஒருமுறை போட்டுப் பார்க்க மாட்டார்கள். முதலீட்டாளர் 50 லட்சம் போட்டு 20% பங்கு வாங்குகிறார், ஒரு மடங்கு லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் (கம்பெனி விற்கப்படும்போது போட்ட பணத்தை மற்றவர்களுக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் உரிமை) உண்டு, பிறகு கம்பெனி 1 கோடிக்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்-பார்ட்டிசிபேட்டிங் என்றால் அவருக்கு 50 லட்சம், மிச்சம் மற்றவர்களுக்கு. பார்ட்டிசிபேட்டிங் என்றால் முதலில் 50 லட்சம், மீதியிலும் 20%, ஆக 60 லட்சம். நிறுவனர்கள் கையிலிருந்து 10 லட்சம் போனது அந்த ஒரு சொல்லால்.

பழைய ஃபோல்டரிலிருந்து டெம்ப்ளேட்டை எடுத்து அப்படியே அனுப்புவதும் இதே வகைத் தவறுதான். ஒய் காம்பினேட்டர் என்ற அமெரிக்க ஸ்டார்ட்அப் முதலீட்டு நிறுவனம் 2013-ல் கொண்டுவந்த சேஃப் ஒப்பந்தம் (பணம் இப்போது, பங்கு அடுத்த முதலீட்டுச் சுற்றில்) 2018-ல் போஸ்ட்-மணி முறைக்கு, அதாவது சேஃப் பணத்தையும் சேர்த்தே கம்பெனியை மதிப்பிடும் முறைக்கு, மாறியது. புதிய வடிவத்தில், கம்பெனியின் மதிப்புக்கு 1 கோடி என்று வைத்த வரம்பில் 10 லட்சம் போட்டவருக்கு, அடுத்த சுற்றுப் பணம் வரும் முன்பு 10% உறுதி. அப்படி இன்னும் நான்கு பேரிடம் வாங்கினால் பாதிக் கம்பெனி போய்விடும், இதைக் கையெழுத்துக்கு முன்பே நிறுவனரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அடுத்தது, யார் உங்கள் கட்சிக்காரர் என்பதில் வரும் குழப்பம். ராத்திரி பதினொரு மணிக்கு உங்களை அழைத்துப் பேசுவது நிறுவனர், ஆனால் பெரும்பாலும் உங்களை நியமித்தது கம்பெனி. இரண்டு நிறுவனர்களுக்குள் சண்டை வந்து, ஒருவர் "இது நமக்குள் இருக்கட்டும்" என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லி, அவருக்குத் தனி வழக்கறிஞர் தேவைப்படலாம் என்றும் சொல்லிவிடுங்கள். சொல்ல சங்கடமாகத்தான் இருக்கும். புதிய கட்சிக்காரர் கதை சொல்லத் தொடங்கும் முன்பே கான்ஃபிளிக்ட், அதாவது எதிர்த் தரப்பும் நம் அலுவலகத்தின் கட்சிக்காரரா என்று, பார்த்துவிடுவதும் முக்கியம், முதலீட்டாளரும் ஸ்டார்ட்அப்பும் ஒரே அலுவலகத்துக்கு வருவது இந்தத் துறையில் சகஜம்.

ஸ்டார்ட்அப்பின் மென்பொருள் கோட் யாருக்குச் சொந்தம் என்பதை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். கம்பெனி பதிவாகும் முன்பு எழுதிய கோட், பழைய வேலையில் இருந்தபோது எழுதியது, நண்பர் ஒருவர் வார இறுதியில் எழுதிக் கொடுத்தது, எல்லாவற்றையும் கேட்க வேண்டும். எழுத்தும் சரியாக இருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்து 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், ஆராய்ச்சியாளர் ஸ்டான்ஃபோர்டுக்குக் கொடுத்த தாளில் கண்டுபிடிப்பின் உரிமையை "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்" என்றும், பிறகு ரோஷிடம் உரிமைகள் போய்ச் சேர்ந்த வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்ததில் "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்றும் கையெழுத்திட்டிருந்தார். முதலாவது வெறும் வாக்குறுதி, இரண்டாவதுதான் உரிமை மாற்றம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, ஸ்டான்ஃபோர்டு தோற்றது.

கையெழுத்துப் பக்கங்களை வாங்கிவிட்டு, அனுமதி கேட்காமல் ஒப்பந்தத்தின் உள்ளே எதையும் மாற்றக் கூடாது, சின்னத் திருத்தமானாலும் சரி.

அப்புறம், உங்கள் டிராஃப்டில் பிழை கண்ணில் பட்டால் அந்த நிமிடமே சீனியரிடம் சொல்லுங்கள். குளோஸிங்குக்கு முன்பு என்றால் ஒரு மெயிலில் முடிந்துவிடும், பணம் வந்து பங்குகளும் ஒதுக்கியாகிவிட்டால் அதைத் திருத்த ஒவ்வொரு முதலீட்டாளரிடமும் மறுபடி கையெழுத்துக்குப் போக வேண்டியிருக்கும்.